வாழைக்குப் போன மூடி

மாலை போட்ட ஆளைத் திட்டக் கூடாது என்று எவன் சட்டம் போட்டானோ, அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் மெஷினில் விட்டு, உருட்டி, நூல் சுற்றி வெளியே தள்ளிவிடுவேன். மூன்று நாள். முழுசாக மூன்று நாள் நான் வாயைக் கட்டிக்கொண்டு வேலை செய்தேன். என்னைத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அன்புச்செல்வி மூன்று நாளாக யாரையும் திட்டவில்லை என்றால், உடம்பு கிடம்பு சரியில்லையா என்றுதான் கேட்பார்கள்.

நான் வைக்கோல் கட்டும் மெஷின் ஓட்டுகிறேன். அறுவடை மெஷின் நெல்லை எடுத்துக்கொண்டு போன பிறகு வயலில் வைக்கோல் வரிசை வரிசையாகக் கிடக்கும். டிராக்டருக்குப் பின்னால் எங்கள் மெஷினை மாட்டி அதன்மேல் ஓட்டினால், வைக்கோலை வாரி உள்ளே இழுத்து, உருட்டி, நூலைச் சுற்றி, பின்கதவைத் திறந்து ஒரு கட்டைப் பொத்தென்று போடும். திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் வரைக்கும் இந்த வேலை செய்கிற பொம்பளை நான் ஒருத்திதான். வீட்டுக்காரரின் பழைய பேண்ட், முழுக்கைச் சட்டை, தலைமுடியை உள்ளே திணித்து ஒரு தொப்பி. பார்க்கச் சகிக்காது. பார்க்கச் சொல்லி யாரையும் நான் கூப்பிடவில்லை.

முதலில் இந்த வேலையைச் செய்தது என் வீட்டுக்காரர் இருதயராஜ். நாலு வருஷத்துக்கு முன்னால், விக்கிரவாண்டிப் பக்கம் விருத்தாசலம் என்பவருடைய மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். சிக்கின வைக்கோலை எடுக்கக் கையை உள்ளே விட்டார். வலது கை முழங்கை வரைக்கும் போனது. "இன்ஜின ஆஃப் பண்ணிட்டுதான் கை வெச்சேன் அன்பு. அந்த விருத்தாசலம் பார்க்காம சாவியத் திருப்பிட்டான்" என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சொன்னார். மறுநாளே பஸ் ஏறிப் போனேன். அந்த ஆளின் வீட்டு வாசலில் நின்று இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினேன். "நான் சாவியத் தொடவே இல்லம்மா" என்று அவர் கும்பிட்டார். பொய் வேறு பேசுகிறாயா என்று இன்னொரு பிடி போட்டேன். சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது சாமியாரிடம் இதைச் சொன்னேன். ஆனால் அதற்காக மனம் வருந்தவில்லை, அதையும் சேர்த்தே சொன்னேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே சட்டம். மெஷினில் யார் கை வைப்பதானாலும் முதலில் மெஷினுக்குப் போகிற விசையை நிறுத்தணும், இன்ஜினை அணைக்கணும், சாவியை உருவி என் பாக்கெட்டில் போடணும். சுற்றுகிறதெல்லாம் ஓய்ந்த பிறகுதான் சீட்டிலிருந்து இறங்குவேன். சாவி என்னிடம் இருக்கும்போது எந்த விருத்தாசலம் வந்து திருப்பிவிடுவான்?

வீட்டில் இப்போது சமையல் இருதயராஜ்தான். இடது கையால் குழம்பைக் கிளறிக்கொண்டே மணிக்கு ஒரு தரம் போன் பண்ணுவார். சாப்பிட்டாயா, தண்ணீர் குடித்தாயா, அதெல்லாம் கிடையாது. இரண்டே கேள்வி.

"சாவி எங்க?"

"பாக்கெட்ல."

"மூடி இருக்கா?"

"இருக்கு."

மூடி என்னவென்று சொல்லிவிடுகிறேன். டிராக்டரின் பின்பக்கத்திலிருந்து மெஷின் வரைக்கும் ஒரு இரும்புத் தண்டு போகும். ஷாப்டு என்போம். டிராக்டரின் விசையை மெஷினுக்குக் கொண்டுபோவது அதுதான். நிமிஷத்துக்கு ஐந்நூற்று நாற்பது தரம் சுற்றும். ஒரு நூல் சிக்கினாலும் ஆளோடு சேர்த்துச் சுற்றிவிடும். அதனால் அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் குழாய் போட்டிருப்பார்கள். தண்டு உள்ளே சுற்றும், குழாய் சும்மா நிற்கும். அதுதான் மூடி.

போன மார்கழி மாசக் கடைசியில் பெருமுக்கலுக்குப் பக்கத்தில் சீனுவாசன் என்பவருடைய மெஷினை ஓட்டப் போனேன். நாலு ஏக்கர் நெல், ஆறு மாடு, சொந்த டிராக்டர், சொந்த மெஷின். எல்லாம் இருந்தது. மூடிதான் இல்லை.

"மூடி எங்க சாமி?" என்று கேட்டேன். ஆள் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, நெற்றி நிறைய விபூதி சந்தனம். மற்ற நாளில் வழியில் பார்த்தால் என்னை "ஏய், இங்க வா" என்று கூப்பிடுகிற மனுஷன். மாலை போட்டால் பொம்பளைகளை அம்மா என்றுதான் கூப்பிட வேண்டுமாம். வருஷத்தில் நாற்பத்தெட்டு நாள் எனக்கும் மரியாதை.

"அதும்மா... பாத்ரூம் தண்ணி வாசல்ல தேங்கிக்கினு ஒரே பேஜாரா இருந்திச்சி. அந்தக் கொழாய் ஒரு பக்கம் புனலாட்டம் விரிஞ்சிருக்குதா, அத கழட்டி அங்க மாட்டிட்டேன். இப்ப தண்ணி நேரா வாழைக்குப் போவுது."

"வாழைக்கா?"

"பூவன் வாழைம்மா. தார் போட்டிருக்குது."

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன். மாலை போட்ட ஆள்.

அப்போதே முடியாது என்று இறங்கி வந்திருக்க வேண்டும். வந்தேனா? இல்லை. நான் ஓட்டாவிட்டால் பிரவீன்குமாரைக் கூப்பிடுவேன் என்றார். அந்தப் பயல் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவன். 'பொம்பள பயந்து ஓடிட்டா' என்று டீக்கடை டீக்கடையாகப் போய்ச் சொல்வான். எனக்கு ரோஷம் வந்தது. ரோஷம் வந்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது.

மூடிக்குப் பதிலாகச் சாமி ஒரு பாதுகாப்பு ஏற்பாடு செய்தார். மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காணிக்கை முடிந்து, கூடவே ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்து ஷாப்டில் கட்டினார். கற்பூரம் காட்டினார். துணியின் வால் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது.

"வாலையாவது வெட்டிடட்டுமா சாமி?"

"காணிக்கைத் துணிய கத்தி வெச்சி வெட்டுவாங்களாம்மா? அபச்சாரம். எல்லாம் ஐயப்பன் பாத்துப்பாரு."

வாலைச் சுற்றி முடிச்சுக்குள் நானே செருகினேன். எலுமிச்சம்பழம் முதல் சுற்றிலேயே சாறாகிச் சாமியின் நெற்றியில் தெறித்தது. நல்ல சகுனம் என்று துடைத்துக்கொண்டார்.

அன்றைக்கு இருதயராஜ் போன் பண்ணினார்.

"மூடி இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

பொய்தான். அந்த மனுஷனுக்கு ஷாப்டு மூடியில்லாமல் சுற்றுகிறது என்று தெரிந்தால் ராத்திரி சோறு இறங்காது. இரண்டு நாள் அப்படியே ஓடியது. மணிக்கொரு பொய் சொல்லிக்கொண்டு ஓட்டினேன்.

மூன்றாம் நாள் காலையிலேயே வானம் ஒரு தினுசாக இருந்தது. சாயந்திரம் மழை வரும் என்று டிவியில் சொல்லிவிட்டார்களாம். இன்னும் ஒன்றரை ஏக்கர் வைக்கோல் கிடக்கிறது. நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும், மாடு முகர்ந்துகூடப் பார்க்காது. ஆறு மாட்டுக்கும் அடுத்த அறுப்பு வரைக்கும் இதுதான் தீனி. சாமி விடிந்ததிலிருந்து "ஜல்தி, ஜல்தி" என்று குதித்துக்கொண்டிருந்தார்.

பனி ஈரம் காயாமல் ஓட்டினால் வைக்கோல் உள்ளே போய்ச் சிக்கும். பதினொரு மணிக்கு மேல்தான் ஓட்டுவேன் என்றேன். பத்து மணிக்கே ஓட்ட வைத்தார். அரை மணிக்குள் நாலு தரம் சிக்கியது. நாலு தரமும் நான் நிறுத்தி, அணைத்து, சாவியை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

"இன்னாம்மா இது, தடவைக்குத் தடவை சாவிய எடுத்துக்கினு... ஓடிக்கினு இருக்கும்போதே ஒரு கொம்ப வுட்டு இழுத்தா வந்துடப்போவுது!"

"கொம்பு போவும் சாமி. அதும் பின்னாலயே கையும் போவும். எங்க வூட்டுக்காரரக் கேளுங்க."

"கெட்ட வார்த்த பேசாதம்மா. வெரதத்துல இருக்கறேன்."

கை போகும் என்பது கெட்ட வார்த்தையாம். என் பேண்ட்டைப் பற்றியும் அவருக்குக் குறை இருந்தது. விரதத்தில் இருக்கிறவர் எதிரில் பொம்பளை கால்சட்டை போட்டு நடப்பது நன்றாக இல்லையாம். ஆனால் காற்றில் பறக்கிற வேட்டியைக் கட்டிக்கொண்டு, கழுத்தில் இரண்டு முழத் துண்டைத் தொங்கவிட்டு, ஓடுகிற மெஷினைச் சுற்றிச் சுற்றி வருவது ரொம்ப நன்றாக இருந்தது. பத்தடி தள்ளி நில்லுங்கள் என்பேன். நிற்பார். ஒரு கட்டு விழுவதற்குள் மறுபடி மெஷின் பக்கத்தில் இருப்பார்.

என் கண் அந்தத் துண்டைவிட்டு நகரவில்லை. கழற்றச் சொன்னால் கேட்க மாட்டார். திட்டவும் முடியாது. மதியம் அவர் சாப்பிடும்போது துண்டை வரப்பில் வைத்திருந்தார். நான் கிரீஸ் டப்பாவைத் திறந்து, மெஷினைத் துடைக்கிற சாக்கில், அந்தத் துண்டை எடுத்து நன்றாகத் துடைத்துவிட்டேன். எது எதையெல்லாம் துடைக்கலாமோ அதையெல்லாம் துடைத்தேன்.

"அடிப்பாவி... ஐயப்பா! என் துண்டும்மா அது!"

"ஐயோ, பழந்துணின்னு நெனச்சிட்டேன் சாமி."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! வாயில் வந்ததை விழுங்கினார். விரதம் இரண்டு பக்கமும் வெட்டும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. துண்டை வரப்பிலேயே எறிந்துவிட்டு எழுந்தார். அவர் மனைவி முனியம்மாள் சாம்பார் சாதத்தைத் தாராளமாகக் கட்டிக் கொடுத்திருந்தாள் போல. வயிறு இறுக்குகிறது என்று வேட்டிமேல் கட்டியிருந்த பச்சை பெல்ட்டையும் கழற்றித் துண்டின்மேல் போட்டார்.

மூன்று மணிக்கு மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. முக்கால் ஏக்கர் பாக்கி. நடுவயலில் ஒரு சிக்கு. அணைத்தேன், எடுத்தேன், திரும்ப ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினேன். ஷாப்டு சுற்ற ஆரம்பித்தது. நான் எப்போதும் ஒரு தரம் திரும்பிப் பின்னால் பார்த்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவேன். பார்த்தேன்.

மஞ்சள் துணியின் வால் முடிச்சிலிருந்து வெளியே வந்து சுழன்றுகொண்டிருந்தது. மூன்று நாள் சுற்றிய சுற்றில் முடிச்சே அவிழ்ந்துவிட்டது. ரூபாய் தெறித்துப் பறந்தது. துணி நழுவித் தரைக்குப் போகிறது. காணிக்கைத் துணி மண்ணில் விழலாமா? விழுவதற்குள் பிடிக்க வேண்டாமா? சாமி "ஐயப்பா!" என்று இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு ஷாப்டின் மேல் பாய்ந்தார்.

துணியைப் பிடித்தார். ஷாப்டு அவர் வேட்டியைப் பிடித்தது.

நான் கிளச்சை முழுசாக மிதித்தேன். விசையை நிறுத்துகிற லிவரை இழுத்தேன். இன்ஜினை அணைத்தேன். மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தது போல இருந்தது. ஆனால் அதற்குள் வேட்டி மொத்தமும் தண்டைச் சுற்றி இறுகிவிட்டிருந்தது. நாலு முழ வேட்டி. கண் மூடித் திறப்பதற்குள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சேசுவே, கையா, காலா, மொத்தமாகவா என்று அந்த ஒரு விநாடி நினைத்தேன். இருதயராஜை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன ஆட்டோவின் வாசனை மூக்கில் வந்தது.

திரும்பினேன்.

சாமி, அறுத்த நெல் தாளின்மேல் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மாலை. கையில் மஞ்சள் துணி. இடுப்பில் நீலக்கோடு போட்ட பட்டாபட்டி டிராயர். மற்றபடி பிறந்த கோலம். தொடையில் நீளமாக ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். பெல்ட் இல்லாததால் வேட்டி உருவிக்கொண்டு போயிருந்தது. பெல்ட் இருந்திருந்தால் வேட்டியோடு ஆளும் போயிருப்பார்.

சாவியை உருவிப் பாக்கெட்டில் போட்டேன். இறங்கினேன். அவர் முன்னால் போய் நின்றேன். பிறகு வாயைத் திறந்தேன்.

என்னென்ன பேசினேன் என்று அச்சில் போட முடியாது. மூன்று நாள் சேர்த்து வைத்தது. மூடியில் ஆரம்பித்தேன், வாழைக்குப் போனேன், வாழைத்தாருக்குப் போனேன், ஆறு மாட்டையும் பேர் பேராக இழுத்தேன், அவர் தாத்தா வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். பக்கத்து வயலில் மல்லாட்டைக்கு, அதான் வேர்க்கடலைக்கு, களை எடுத்துக்கொண்டிருந்த கெங்கம்மாள் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் போகவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"செத்திருப்பேய்யா நீ! உன் பொண்டாட்டிக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்? வாழைக்குத் தண்ணி பாய்ச்சிக்கினு இருந்தாருன்னா?"

சொல்லி முடிக்கவில்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் அழுகிற சனியன் புத்தி எனக்கு உண்டு. சீனுவாசன் பட்டாபட்டியோடு கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். வரப்பில் கிடந்த துண்டைப் பார்த்தார்.

"துண்டு... கழுத்துல இருந்திருந்தா?"

"தலை வாழைக்குப் போயிருக்கும்."

"நீ தெரிஞ்சேதான் கிரீஸ தடவினியாம்மா?"

"ஆமாய்யா."

அவர் எழுந்து போய் அந்தக் கிரீஸ் துண்டையே எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மேற்கே இடி உருண்டது.

"மூடி வந்தாத்தான் சாவி வெளிய வரும். மழ வந்தாலும் சரி, பிரவீன்குமாரு வந்தாலும் சரி" என்று சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன்.

சீனுவாசன் வீட்டைப் பார்த்து ஓடினார். வீடு இரண்டு வயல் தள்ளித்தான். முனியம்மாள் அங்கே போட்ட கூச்சல் இங்கே கேட்டது. கொஞ்ச நேரத்தில் வரப்பின்மேல் அவர் வருகிறார். கிரீஸ் துண்டு இடுப்பில், மாலை கழுத்தில், தலைமேல் அந்த மூடி. சபரிமலைக்கு இருமுடி சுமக்கிற அதே பக்தியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். சோப்புத் தண்ணீர் அவர் முதுகில் வழிந்துகொண்டிருந்தது. பாத்ரூம் நாற்றம் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தது. கெங்கம்மாள் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கும்பிடு போட்டாள்.

தண்டில் சுற்றியிருந்த வேட்டியைக் கத்தியால் அறுத்து எடுத்தோம். கறுப்புக் கயிறாக முறுக்கிக்கொண்டு வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஷாப்டைக் கழற்றி மூடியைச் செருகி, மூடி சுற்றாமல் இருக்கச் சங்கிலியையும் மாட்டினேன். கொஞ்சம் முடியும் பாசியும் உள்ளேயிருந்து வந்தது, சோப்புத் துண்டு ஒன்றும் வந்தது. பிறகு ஓட்டினேன். சீனுவாசன் சொல்லாமலே இருபதடி தள்ளி நின்றார். முக்கால் ஏக்கரில் பாதிக்கு மேல் கட்டிவிட்டோம். மிச்சம் நனைந்தது. நனையட்டும்.

கட்டுகளுக்குமேல் தார்ப்பாயை இழுத்துவிட்டு, அதன் ஓரத்தில் இரண்டு பேரும் ஒதுங்கி நின்றபோது போன் அடித்தது.

"சாவி எங்க?"

"பாக்கெட்ல."

"மூடி இருக்கா?"

"இருக்கு" என்றேன். இன்றைக்கு அது நிஜம். ஆனால் நிஜத்தைச் சொன்ன பிறகுதான் பழைய பொய்யெல்லாம் உறுத்தியது. "யோவ், இங்க கேளு. மூணு நாளா மூடி இல்ல. உங்கிட்ட பொய் சொன்னேன். இன்னிக்கு ஒரு ஆளு போயிருக்கும். என் கண்ணு முன்னால."

அந்தப் பக்கம் குழம்பு கொதிக்கிற சத்தம் கேட்டது. திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். திட்டட்டும், எனக்கு வேண்டியதுதான்.

"அன்பு."

"ம்."

"நானும் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நாலு வருஷமா சொல்லணும் சொல்லணும்னு..." கரண்டியைக் கீழே வைத்தது கேட்டது. "அன்னிக்கு நான் இன்ஜின ஆஃப் பண்ணவே இல்ல. ஓடிக்கினு இருக்கும்போதேதான் கைய வுட்டேன். அவசரம். அந்த விருத்தாசலம் 'நிறுத்திட்டு எடுப்பா, நிறுத்திட்டு எடுப்பா'ன்னு கத்திக்கினு ஓடியாந்தாரு. ஆஸ்பத்திரில உன் மூஞ்சியப் பாத்தா சொல்ல வரல. சாவிய அவரு திருப்பிட்டாருன்னு சொல்லிட்டேன்."

பாக்கெட்டில் இருந்த சாவியை எடுத்துப் பார்த்தேன். நாலு வருஷமாக எந்த விருத்தாசலமும் திருப்பிவிடக் கூடாது என்று நான் பொத்திப் பொத்தி வைத்த சாவி.

"ஏன்யா" என்றேன். "ஏன்யா, நான் அந்தாளு வாசல்ல போய்..."

"தெரியும்" என்றார். அவர் அழுதார். நான் திட்டவில்லை. அன்றைக்கு என்னிடம் இருந்த வசவெல்லாம் மாலை மூன்று மணிக்கே தீர்ந்துவிட்டிருந்தது.

போனை வைத்தேன். மழை தார்ப்பாயில் படபடவென்று விழுந்தது. சீனுவாசன் கிரீஸ் துண்டைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"இன்னாம்மா? வூட்ல எதுனா பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல சாமி. நாளைக்கு எனக்கு லீவு வேணும். விக்கிரவாண்டி வரைக்கும் போவணும்."

"எதுக்கும்மா?"

"ஒருத்தரு வாசல்ல நாலு வருஷமா நான் போட்ட மண்ணு கெடக்குது. பெருக்கிட்டு வரணும்."